பழைய சத்தம் நூறு ரூபா

செவ்வாய் இரவு ஊர் நித்திரையாய்க் கிடக்க
போன்கள் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொண்டன.
புதன் காலை, கஸ்தூரியார் வீதி,
ஷட்டரைப் பாதி தூக்க முன்னமே
வாசலில் மூன்று பேர்.

"தம்பி, என்ரை போனுக்கை ஆரோ பூந்திட்டாங்கள்."
கச்சேரிக் கிளாக்கர் அருமைத்துரைக்குக் கை நடுங்கியது.
ஒருத்தரும் பூரவில்லை ஐயா,
மெசேச் வாற சத்தம் மட்டும்தான் மாறியிருக்கு.
"சத்தம் மாறினால் ஆள் மாறின மாதிரித்தானே?"

பழையதை வாயாலே செய்து காட்டினார்கள்.
'டிளுக்' என்றார் ஒருவர்.
இல்லை, 'டுளிங்' என்றார் மற்றவர்.
இரண்டும் இல்லை என்று
கன்னத்தை விரலால் சுண்டினான் குருநகர் ஜெரோம்.
விடிய நாலு மணிக்கு நண்டு விலை வரும் அவனுக்கு,
எஞ்சின் இரைச்சலுக்கு மேலாலே.
"இந்தப் புதுசு
பூனை தும்மின மாதிரி. ஆருக்குக் கேக்கும்?"

தர்மிகாவுக்குச் சூரிச்சில் நிச்சயித்த மாப்பிள்ளை.
அதே நேரம், அதே 'சாப்பிட்டியா'.
"ஆனால் அண்ணா,
கோவத்தோடை கேக்கிற மாதிரிக் கிடக்கு."
புதன் இரவு
அவள் பதில் போடவில்லையாம்.

என் லாச்சிக்குள் கண்ணாடி வெடித்த போன் ஒன்று.
இன்டர்நெற் காணாமல் இரண்டு வருடம்.
அதற்குள் பழைய சத்தம்
அப்படியே படுத்திருந்தது.
மட்டையில் மார்க்கரால் எழுதித் தொங்கவிட்டேன்:
பழைய சத்தம் நூறு ரூபா.
வெள்ளி மதியத்துக்குள் கொப்பியில்
நாற்பத்தொரு பெயர்.

மதனரூபி வந்தது சார்ஜர் வயர் வாங்க.
மிச்சக் காசை எண்ணிக்கொண்டு நின்றவ
மட்டையை வாசித்தா.
திரும்பவும் வாசித்தா.

"உதை ஏன் விக்கிறியள்?"

சனம் கேக்குது அக்கா.

"இரண்டு வருசம். மாசி மாதம்.
பின்னேரம் ஆறு பத்து.
அந்தச் சத்தத்தோடைதான் அது வந்தது."

எது என்று சொல்லவில்லை.
நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ரை போனிலை அண்டைக்கே மாத்திப்போட்டன்.
ஊரை மாத்தேலுமே?
பாங்க் வரிசையிலை அடிக்கும்.
கோயிலிலை, ஐயர் தீபம் காட்டேக்கை, ஆற்றையோ இடுப்பிலை அடிக்கும்.
பக்கத்து வீட்டு யன்னலுக்காலை வரும்.
ஒவ்வொருக்காலும்
ஆறு பத்து.

புதன்கிழமை நெல்லியடியிலை பஸ் ஏறினன்.
பஸ் முழுக்க மெசேச்.
ஒருக்காலும் வயிறு குளிரேல்லை.
வல்லை வெளியிலை கொக்கு நிக்கிறது
எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்."

எத்தனை பேருக்குப் போட்டுக் குடுத்தனீங்கள் என்று கேட்டா.
ஒரு பத்து, பன்னிரண்டு இருக்கும் என்றேன்.
கொப்பி மேசையில் திறந்தபடி கிடந்தது.
அவ அதைப் பார்க்கவில்லை,
அல்லது பார்த்தும்
வயரைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினா.

மட்டையைக் கழற்றினேனா?
இல்லை.
கடை வாடகை பத்தாம் திகதி.
அருமைத்துரை ஐயாவுக்கு இரவு நித்திரை வருகிறதாம்,
தர்மிகா சூரிச்சோடு சமாதானம்,
நேற்று ஜெரோம் ஒரு பை நண்டு தந்துவிட்டுப் போனான்.
அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சனிக்கிழமை ஒருவர் வந்தார்.
போனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு
இதுவரை ஒருத்தரிடமும் கேட்காததைக் கேட்டேன்.
எந்தப் பக்கத்துப் பஸ்ஸிலை போறனீங்கள்?
ஒரு மாதிரிப் பார்த்தார்.
"காரைநகர்."
போட்டுக் கொடுத்தேன். நாற்பத்திரண்டு.

அடுத்தது ஒரு பெடியன்,
காதில் வயர், கையில் நூறு ரூபாத் தாள்.
தம்பி எவ்விடம்?
"நெல்லியடி."

அந்த ஃபைல் பழுதாய்ப் போச்சு என்றேன்.
"எப்ப வரட்டும்?"
திங்கள் வா.
திங்கள் வந்தால்
செவ்வாய் வா என்று சொல்ல வேண்டும்.